கவனக்குறைவுக்கு ஓர் உதாரணம்

தாண்டவராயன் சார் தன் கையை நாலாம் நம்பர் மெஷினுக்குள் வைக்க வேண்டும். எல்லோரும் பார்க்க வைக்க வேண்டும். இல்லையென்றால் எல்லோரும் பார்க்க, வைக்க முடியாமல் நிற்க வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் எனக்குச் சம்மதம். அதற்காகத்தான் நான் அந்தக் கம்பெனியை விட்டுப் போகாமல் இருந்தேன். மற்றபடி விசுவாசமும் கிடையாது, வெங்காயமும் கிடையாது.

திண்டிவனத்துக்கு வெளியே பைபாஸ் ரோட்டை ஒட்டி இருக்கிறது கம்பெனி. கதவுக்குக் கீல், தாழ்ப்பாள், பீரோவுக்குக் கைப்பிடி, இதெல்லாம் தகரத்தில் அடித்து எடுக்கிற இடம். வரிசையாகப் பிரஸ் மெஷின்கள் நிற்கும். ஸ்டூலில் உட்கார்ந்து, தகரத் துண்டை அச்சின் மேல் வைத்துவிட்டு, காலால் பெடலை மிதித்தால் மேலே இருக்கிற இரும்புத் தலை இறங்கி ஒரே அடியாக அடிக்கும். கையை எடுத்த பிறகுதான் மிதிக்க வேண்டும். கை உள்ளே இருக்கும்போதே கால் மிதித்துவிட்டால் என்ன செய்வது? அதற்காக ஒவ்வொரு மெஷினுக்கும் இரண்டு பக்கமும் மஞ்சள் கம்பம் வைத்திருக்கிறார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஓடுமாம். குறுக்கே கை போனால், எத்தனை மிதி மிதித்தாலும் தலை இறங்காது. அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் உண்டு. நாங்கள் 'கண்ணு' என்போம். பச்சை விளக்கு எரிந்தால் கண்ணு விழித்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் கண்ணை எங்கள் கம்பெனியில் அவித்தது ஆயுத பூஜை. சிரிக்க வேண்டாம், அதுதான் உண்மை. பூஜைக்கு மெஷின்களை எல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போடுவோம். கண்ணு என்று பெயர் வைத்துவிட்டதால் அதற்குத்தான் முதல் மரியாதை. குழைத்த சந்தனத்தைக் கம்பத்தில் இருக்கிற கண்ணாடிப் பட்டை மேலேயே பக்தியோடு அப்பிவிடுவார்கள். லீவு முடிந்து வந்து பார்த்தால் அது காய்ந்து இறுகிக் கிடக்கும். கம்பி வைத்துச் சுரண்டுவார்கள். கண்ணாடி கீறிப்போகும். அப்புறம் கையே இல்லாதபோதும் கை இருப்பதாக நினைத்துக்கொண்டு மெஷின் நின்று நின்று உயிரை வாங்கும்.

போன வருஷம் நாலாம் நம்பர் மெஷின் இப்படித்தான் ஆனது. லாரி வாசலில் நிற்கிறது, சரக்கு போயாக வேண்டும். புரொடக்‌ஷன் மேனேஜர் தாண்டவராயன் சார், எலக்ட்ரீஷியன் பச்சைமுத்து அண்ணனைக் கூப்பிட்டு, "டைரக்ட் குடுத்துடுப்பா" என்றார். பெட்டியைத் திறந்து ஒரு துண்டு வயரைச் சொருகினால் போதும், கண்ணு செத்துவிடும். பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். லாரி போன பிறகும் அந்த வயரை யாரும் எடுக்கவில்லை. எனக்கு இது எதுவும் தெரியாது. பச்சை எரிகிறது என்று நம்பி, பொங்கல் கழிந்த வாரத்தில், அச்சில் சிக்கிய தகரத்தை எடுக்க உள்ளே கையை விட்டேன். கால் பெடல் மேல் இருந்தது.

வலது கையில் நடு மூன்று விரலும் போய்விட்டன. கட்டை விரலும் சுண்டு விரலும் மிச்சம்.

நான் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே வயரைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கண்ணு மாட்டிவிட்டார்கள். விசாரிக்க வந்தவர் ஒரு குச்சியை உள்ளே நீட்டிப் பெடலை மிதிக்கச் சொன்னாராம். தலை இறங்கவில்லை. மெஷின் மேல் குற்றமில்லை, அன்புச்செல்வி என்கிற தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடித்துக்கொண்டு போய்விட்டார். பச்சைமுத்து அண்ணன் என்னைப் பார்க்க வந்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னார். "வெளிய சொல்லிடாதம்மா, எம் பொழப்பு பூடும்" என்றும் சொன்னார். அவர் மேலும் எனக்கு ஆத்திரம்தான். ஆனால் முதல் பந்தியில் உட்கார வேண்டியவர் அவர் இல்லை.

பந்தி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. திருவெண்ணெய்நல்லூரில் என் நாத்தனார் வீட்டுக் காதுகுத்து. இலையில் சோறு போட்டாகிவிட்டது. வலது கையால் சாம்பாரைப் பிசைய முடியாது. இடது கையால் எடுத்து வாயில் வைத்தேன். பக்கத்து இலைக்காரி தன் இலையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள். அவ்வளவுதான். நான் பாதியில் எழுந்து கை கழுவப் போய், குழாயடியில் நின்று தாண்டவராயனின் வம்சத்தையே திட்டித் தீர்த்தேன். மல்லாட்டைக் கடலையை உடைத்துத் தின்னக்கூட இப்போது எனக்குப் பல் வேண்டும்.

கம்பெனியில் பெரிய மனசு பண்ணி எனக்கு லேசான வேலை கொடுத்தார்கள். பெருக்குவது, டீ கொடுப்பது. விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரர் மாரியப்பன், "போவாத செல்வி. அவன் மூஞ்சில போய் முழிக்கணுமா?" என்றார். முழிக்கணும் என்றேன்.

பெருக்குவதற்கு மட்டும் கூப்பிடவில்லை என்பது போன பிறகுதான் தெரிந்தது. மாதா மாதம் ஊர்ப் பக்கத்திலிருந்து புதுசாக ஆட்களை எடுப்பார்கள். அவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. தாண்டவராயன் சார்தான் வாத்தியார். ரெண்டாம் நம்பர் மெஷினைச் சுற்றி எல்லோரையும் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுவார்.

"கையத் தூக்கும்மா. நல்லா மேல தூக்கு, பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியட்டும்."

தூக்குவேன். சின்னப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

"இது எதனால ஆச்சு தெரியுமா? இப்பப் பாருங்க." அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, பச்சைக்கல் மோதிரம் போட்ட தன் வலது கையை அச்சின் மேல் அப்படியே வைத்துவிட்டுப் பெடலை மிதிப்பார். டக் டக் என்று மிதிப்பார். தலை அசையாது. "பாத்தீங்களா? மெஷின் துரோகம் பண்ணாது. மனுஷந்தான் தூங்குவான். எதனால ஆச்சு?"

"கவனக்குறைவு சார்" என்று பள்ளிக்கூடம் மாதிரி எல்லோரும் சொல்வார்கள்.

ஒவ்வொரு மாதமும் இது நடந்தது. விரல் போனபோது வந்த வலி ஆறிவிட்டது. இந்த வலி மட்டும் ஆறவே இல்லை. அந்த மோதிரக் கையைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். இந்தக் கையை ஒருநாள் நாலாம் நம்பரில் வைக்கச் சொல்கிறேன் இரு என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அதற்கு நாலாம் நம்பரின் கண்ணு மறுபடியும் சாக வேண்டும். ஆயுத பூஜை வந்தது. கனமான வேலை செய்ய முடியாதவள் என்று சந்தனக் கிண்ணத்தை என்னிடமே கொடுத்தார்கள். மற்ற மெஷின்களுக்கு எல்லாம் உடம்பில் பொட்டு வைத்தேன். நாலாம் நம்பருக்கு மட்டும் கண்ணாடிப் பட்டை முழுக்க, மேலிருந்து கீழே வரை, இடது கையால் அழுத்தி அழுத்தி அப்பினேன். அன்றைக்கு இருந்த பக்தி எனக்கு எந்தக் கோயிலிலும் வந்ததில்லை.

நினைத்தது போலவே நடந்தது. லீவு முடிந்து வந்தார்கள், சுரண்டினார்கள், கண்ணாடி கீறிப்போனது, மெஷின் நின்று நின்று அடம் பிடித்தது. வாசலில் லாரி நின்றது. ஒரு விபத்தைப் பார்த்த மனிதன் கொஞ்சமாவது யோசிப்பான் இல்லையா? தாண்டவராயன் சார் யோசிக்கவில்லை. "டைரக்ட் குடுத்துடு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று அவர் சொன்னதை, டீ கிளாஸ் எடுக்கப் போன நான் என் காதால் கேட்டேன். பச்சைமுத்து அண்ணன் வயரை எடுத்துக்கொண்டு நடந்தபோது என்னைப் பார்த்தார். நான் கிளாஸைக் கழுவப் போய்விட்டேன்.

ஆனால் அந்த மெஷினில் யாராவது உட்கார்ந்து வேலை செய்ய வேண்டுமே. சித்ராவை உட்கார வைத்தார்கள். புதுசாகச் சேர்ந்த பெண். கண்டமங்கலத்துப் பக்கம். கம்பெனி வேனில் விழுப்புரத்திலிருந்து என் பக்கத்துச் சீட்டில்தான் வருவாள். நகத்தில் மருதாணி வைத்திருப்பாள். எனக்குச் சாதத்தைப் பிசைந்து உருட்டி டப்பாவில் வைத்துத் தருகிற ஒரே ஆள் அவள்தான். அவள் அங்கே உட்கார்ந்ததைப் பார்த்ததும் நேராக ஸ்டோருக்குப் போனேன்.

நீளமான இடுக்கி ஒன்றைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தேன். "கைய உள்ள உடாத. தகரம் சிக்குனா இதால எடு" என்றேன். அந்தப் பக்கமே பெருக்கிக்கொண்டிருந்தேன். பெருக்கிய இடத்தையே பெருக்கினேன். அப்படியும் ஒருநாள் இடுக்கியை மடியில் வைத்துவிட்டு அவள் கையை உள்ளே நீட்டினாள். நான் துடைப்பத்தை வீசிவிட்டு ஓடி அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். ஸ்டூலோடு சாய்ந்து எழுந்து சிரித்தாள்.

"இன்னாக்கா இது, பேஜாரு பண்ணிக்கினு. பச்ச எரியுது பாரு. கண்ணு இருக்குதில்ல?"

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் பத்துப் பேரிடம் சொல்வாள், உடனே வயரைப் பிடுங்குவார்கள், என் கண் முன்னால் அந்த மோதிரக் கை மறுபடியும் மாதா மாதம் பத்திரமாக உள்ளே போய் வெளியே வரும். "சொன்னாக் கேளுடி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த பயிற்சி நாள் வந்தது. அந்த முறை, எங்களிடம் சரக்கு வாங்குகிற சென்னைக் கம்பெனியிலிருந்து சன்மதி என்கிற பாதுகாப்பு அதிகாரியும் வந்திருந்தார். செஞ்சிப் பக்கத்துப் பெண்தான். தாண்டவராயன் சார் இஸ்திரி போட்ட சட்டையில் பளபளவென்று நின்றார். வழக்கம் போல ரெண்டாம் நம்பர், வழக்கம் போல என் கை, வழக்கம் போல அவர் கை, டக் டக். எல்லோரும் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள்.

சன்மதி மேடம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது இந்த மெஷின்லதான் ஆச்சா?" என்று கேட்டார்.

"இல்லீங்க மேடம், நாலாம் நம்பர்" என்றேன்.

"அப்ப அதுலயே காட்டலாமே சார்."

தாண்டவராயன் சார் சிரித்தார். "அதுல சின்ன வேலை இருக்கு மேடம். ஓட்டல."

"காலையிலேர்ந்து ஓடிக்கினுதான சார் இருக்குது? சித்ராதான ஓட்டுது" என்றேன்.

"ஆமா சார்" என்றாள் சித்ரா, ஒன்றும் தெரியாமல்.

கூட்டம் நாலாம் நம்பருக்கு நகர்ந்தது. மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. தாண்டவராயன் சார் வாட்சைப் பார்த்தார். பிறகு சுவரில் மெயின் சுவிட்ச் பக்கத்தில் நின்ற பச்சைமுத்து அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தார்.

"வைங்க சார்" என்றேன்.

அவர் கை மஞ்சள் கம்பம் வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. அந்த நிமிஷத்துக்காக எத்தனை மாதம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்! எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் அந்த ஆள் லேசுப்பட்டவர் இல்லை. கையை இழுத்துக்கொண்டு, மோதிரத்தை எல்லோருக்கும் காட்டினார்.

"பாத்தீங்களா, நானே மறந்துட்டேன். மோதிரம் போட்டுக்கினு மெஷின் கிட்டயே போகக் கூடாது. இதுவும் ஒரு பாடம்தான். எல்லாரும் ஞாபகம் வெச்சுக்குங்க."

சிரித்தார்கள். ரெண்டு பேர் கை தட்டினார்கள். சன்மதி மேடம்கூடப் புன்னகைத்துவிட்டார். "சரி, டீ சாப்பிட்டு வரலாம்" என்று தாண்டவராயன் சார் திரும்பினார். என் ஒரு வருஷத்தை ஒரு மோதிரத்தால் தட்டிவிட்டு நடந்துபோகிற அந்த முதுகைப் பார்த்தேன்.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். இடது கையை அச்சின் மேல் விரித்து வைத்தேன். காலைப் பெடல் மேல் வைத்தேன். நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை யாரும் தட்டாதபடி வலது முழங்கையால் மறைத்துக்கொண்டேன்.

"சார், உங்க கை வேணாம். என் கை இருக்குது, இன்னொண்ணு. பச்ச எரியுது, கண்ணு இருக்குது, மெஷின் துரோகம் பண்ணாது. நீங்க சொல்லிக்குடுத்ததுதான? இப்ப மிதிக்கிறேன், எல்லாரும் பாருங்க."

திரும்பியவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏய்! எழுந்திரு! விளையாடாத! பச்சைமுத்து, மெயின ஆஃப் பண்ணு, ஜல்தி!"

பச்சைமுத்து அண்ணன் கை சுவிட்ச் வரைக்கும் போனது. பாதியில் இறங்கியது. "நீங்க சொல்லுங்க சார், ஆஃப் பண்றேன்" என்றார்.

"அக்கா, கைய எடுங்க, எதா இருந்தாலும் பேசிக்கலாம்" என்று சன்மதி மேடம் கிட்டே வந்தார். "வராதீங்க மேடம். கால் வழுக்கிடும்" என்றேன். அவர் நின்றுவிட்டார்.

"இறங்காது இல்ல சார்? அப்பறம் இன்னாத்துக்கு பயப்படறீங்க?"

"இறங்கிடும்மா" என்றார் தாண்டவராயன். "வயர் போட்டிருக்கு. டைரக்ட்ல ஓடுது."

"எப்பலேர்ந்து?"

"பூஜைலேர்ந்து."

"போன வருஷம்?"

அவர் சன்மதி மேடத்தைப் பார்த்தார். நான் பெடலைக் கொஞ்சம் அழுத்தினேன். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் முனகியது. என் கால் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்த அவர் இரண்டு கையையும் நீட்டினார்.

"போன வருஷமும்தான்! அப்பவும் டைரக்ட்தான்!"

"யாரு போடச் சொன்னது?"

"நாந்தான். நாந்தான் சொன்னேன். கைய எடும்மா."

"அப்ப என் வெரலு?"

"உன் தப்பு இல்ல."

"அத எனுக்கு இன்னாத்துக்குச் சொல்ற? எனுக்குத் தெரியும். அவங்ககிட்ட சொல்லு." நீங்க என்பது என் வாயிலிருந்து எப்போது போனதென்று எனக்குத் தெரியாது.

அவர் புதுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இவங்க மேல தப்பு இல்ல. நான் கண்ண கட் பண்ணி ஓட்டுனேன். அதான் விரல் போச்சு" என்றார். பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். அழுதார் என்றுகூடச் சொல்லலாம். நான் உடனே கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அவர் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க நன்றாக இருந்தது. அப்புறம்தான் காலை எடுத்தேன், கையை எடுத்தேன். பச்சைமுத்து அண்ணன் மெயினை இறக்கினார். பட்டறை முழுக்கச் சத்தம் அடங்கியது.

மிதித்திருப்பாயா என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேட்கிறார். அவன் சொல்லாமல் இருந்திருந்தால் மிதித்திருப்பேன்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் எழுந்தேன். சன்மதி மேடம் தாண்டவராயனைத் தனியாக அழைத்துப்போய் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து என் தோளைத் தொட்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சித்ரா வந்தாள். தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அக்கா, பூஜைலேர்ந்து நான்தான இதுல ஒக்காந்துக்கினு இருந்தேன்?"

"ஆமா."

"டைரக்ட்ல ஓடுதுன்னு உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

சுற்றி நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். இடுக்கி கொடுத்தேனே, தோளைப் பிடித்து இழுத்தேனே என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொன்னால் தாண்டவராயன் மோதிரத்தைக் காட்டித் தப்பித்தது மாதிரிதான் இருக்கும்.

"தெரியும்" என்றேன். "சந்தனத்த அப்புனதே நாந்தான்."

சித்ரா ஓங்கி ஓர் அறை விட்டாள். ஒன்றுகூடக் குறையாமல் ஐந்து விரலும் என் கன்னத்தில் பதிந்தன. தடுப்பதற்கு நான் கையைத் தூக்கவில்லை.